கிளிக்கு மூக்கு வைத்தவன்

நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதுவும் என் தம்பி என்றால் கேட்கவே வேண்டாம்.

இடிக்கிற வீடுகளிலிருந்து கழற்றி வரும் பழைய செதுக்கு வேலை மரங்களை வைத்துப் புது மேஜை, பெஞ்சு, அலமாரி செய்வதுதான் எங்கள் பட்டறைத் தொழில். அளவெடுத்து இணைப்பது நான். உளி வேலையும் பாலிஷும் தம்பி. மரம் வந்ததும் முதலில் ஆணி பிடுங்குவோம். பிறகு மழுங்கிப்போன பூவையும் இலையையும் அவன் உளியால் ஆழமாக்கி எடுப்பாக்குவான். வாங்குகிறவர்களுக்குப் பழசு வேண்டும், ஆனால் பழசாகத் தெரியக்கூடாது. என்ன ஆசையோ!

அந்தப் பெஞ்சு மட்டும் வேறு கதை. கேட்டவர் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. அவருடைய தம்பி வீட்டை விற்று, இவரை அடுக்குமாடி ஒன்றில் குடிவைத்துவிட்டார். அங்கே வராந்தாவில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து பார்த்தால், இவர் அவருடைய சோபாவில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"எங்க பழைய வீட்டு வாசக்காலைக் கழட்டி எடுத்துட்டு வந்திருக்கேன், அதுல ஒரு கிளி இருக்கும்மா. உள்ள நுழையறப்பெல்லாம் அது தலையில கை வெச்சு வெச்சு மூக்கு, கண்ணு எல்லாம் தேஞ்சு போச்சு. அதை வெச்சு ஒரு பெஞ்சு பண்ணுங்க, வாசல்ல போட்டுக்கறேன். கிளியை மட்டும் தொட்டுடாதீங்க."

தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சரி என்றேன். தம்பியிடமும் சொன்னேன். அவனும் "சரிக்கா" என்றான். கிளி கைக்கு அகப்படும் உயரத்தைக் கேட்டு, அதற்கேற்ற மாதிரி பெஞ்சை அமைத்தேன். பாலிஷ் போட அவனிடம் விட்டுவிட்டுப் பலகை எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் கிளிக்கு மூக்கு முளைத்திருக்கிறது! நல்ல கூர்மையான, வளைந்த மூக்கு. உருண்டைக் கண். கழுத்தில் கோடு கோடாக இறகு. பக்கத்தில் இவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

"டேய், உன்கிட்ட என்னடா சொல்லிட்டுப் போனேன்?"

"மூக்கில்லாத கிளியை எப்படிக்கா குடுக்கறது? பட்டறை பேரு என்னாகும்? அவங்க நல்லதுக்குத்தான் பண்ணேன்."

"அவங்க கேட்டதே அந்தத் தேஞ்ச கிளியைத்தானடா!"

"அவ்ளோதானே? உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டாப் போச்சு. அவங்களுக்குக் கண்ணா தெரியப் போகுது?"

கையிலிருந்த சுத்தியலை முதலில் கீழே வைத்தேன். இல்லாவிட்டால் அவன் மூக்கு போயிருக்கும். "அவங்க கையாலதானடா பாக்கறாங்க, மடையா!" நான் கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மரத்தில் எடுத்தது எடுத்ததுதான். இனிமேல் தேய்த்தால் இன்னும் குறையுமே தவிர, பழைய கிளி வராது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அவன் முன்னால் அழுவேனா?

மறுநாள் அந்த அம்மா வண்டியோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை கிளியின் தலைக்குப் போய்விட்டது. மூக்கில் பட்டதும் விரல் நின்றது. கண்ணைத் தடவினார், கழுத்தைத் தடவினார், மறுபடியும் மூக்குக்கே வந்தார்.

"யாரும்மா செஞ்சது?"

"என் தம்பிதாம்மா, அறிவுகெட்டவன், படிச்சுப் படிச்சுச் சொன்னேன்..." என்று ஆரம்பித்து அவன் எதிரிலேயே அவனை வறுத்தெடுத்தேன்.

"விடும்மா. எனக்கும் ஒரு தம்பி இருக்கான். என் நல்லதுக்குத்தான்னு சொல்லித்தான் அவனும் வீட்டை வித்தான்."

தம்பி தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான். "வேணும்னா வேற மரம் வெச்சு..."

"எதுக்குப்பா? வண்டியில ஏத்துங்க. வாசலைக் கண்டுபிடிக்க இது போதும்." கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்கு வந்துட்டேன்னு தெரியறதுக்குத்தான் அந்தக் கிளியைக் கேட்டேன்."

பெஞ்சு நல்ல கனம். அவன் தனியாகவே இழுத்துக்கொண்டு போய் ஏற்றினான். நான் கை கொடுக்கவில்லை.