என் பேரில் வாங்கிய வெற்றிலை

போடி ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்துவிட்டு, வலது கண் இல்லாமல் சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துக் கூலி லயத்துக்குத் திரும்பிய அன்றுதான் எனக்கே தெரிந்தது: எங்களை வேலை வாங்கும் வீரபாண்டிக் கங்காணியை நான் மன்னித்து நாலு நாள் ஆகிவிட்டதாம். இது நடந்தது எழுபத்து மூன்றில்.

சொன்னது என் வீட்டுக்காரர் சின்னமுத்து. அதுவும் காபியை ஆற்றிக்கொண்டே.

"மாரியம்மனுக்குக் காப்புக் கட்டணும்ல. வழக்கு இருக்குறவுக கட்டப்பிடாதுன்னு கூட்டம் போட்டாக. அவரு வெத்தல நீட்டுனாரு. ஒனக்குப் பதிலா நான் வாங்கிட்டேன்."

தப்புச் செய்தவர் நீட்டும் வெற்றிலையை அடிபட்டவர் வாங்கிவிட்டால் எங்கள் லயத்தில் வழக்கு முடிந்தது. அப்புறம் யாரும் அதைப் பேசக்கூடாது. பிஞ்சு ஏலக்காயைப் பறித்துவிட்டேன் என்று கங்காணி வீசிய கம்பு பட்டது என் கண்ணில். வெற்றிலை வாங்கியது இவர் கை!

"வாங்கி என்ன செஞ்சீக?"

"மென்னேன். வேறென்ன செய்ய?"

அட மனுஷா! நேரே ஏலக்காய் ஸ்டோருக்கு நடந்தேன். அவர் பின்னாலேயே ஓடிவந்தார்.

என்னைக் கண்டதும் வீரபாண்டி எழுந்து கும்பிட்டார். மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றுக் காப்பு.

"வா தாயி. மன்னிச்சிட்டேன்னு ஆஸ்பத்திரியிலருந்து சொல்லிவிட்டியாமே. அன்னைக்குத்தான் எனக்குச் சோறு எறங்குச்சு."

"நானா? நான் ஒண்ணும் சொல்லிவிடல."

கங்காணி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். வீரபாண்டி சாக்கு மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு மன்னிப்பே கெடைக்கலியா?"

திட்டத்தான் வந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் என் வீட்டுக்காரரைத்தான் திரும்பிப் பார்த்தேன். இந்த ஆளையும் அல்லவா ஏமாற்றியிருக்கிறார்கள்! ஆனாலும் கண் போனது எனக்கு. கண்மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன்.

"கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தா, வெத்தலைக்கு முந்தி இதத்தான் காட்டியிருப்பேன். பாருங்க. தலையக் குனியாதீக."

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இன்னைக்கு என்னால முடியல. தோணுற அன்னைக்கு நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றேன்.

அவர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த காப்பை அவிழ்க்கத் தொடங்கினார். திருவிழா முடியுமுன் காப்பை அவிழ்த்தால் சாமி குற்றம் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தடுக்கவில்லை.

திரும்பினேன். என் வீட்டுக்காரர் மணிக்கட்டிலும் அதே மஞ்சள் கயிறு.

"எங்கிட்ட நீட்ட ஒங்க வெத்தல எங்க?" என்று கேட்டேன்.