கைப்பிடி எந்தப் பக்கம்

ரவிகுமாருக்குக் கருவிகள் மீது அசையாத நம்பிக்கை. பல்லேகல தொழிற்பேட்டையில் தையல் மெஷின்களைப் பழுதுபார்ப்பவன் அவன். ஒரு காரியம் சரிவரவில்லை என்றால் கருவியில் கோளாறு, கருவியை மாற்றினால் எல்லாம் நேராகிவிடும், அவ்வளவுதான் அவனுடைய வேதம். அதனால்தான் மனைவி சுதர்சினி தூண்டிலை வீசித் தோற்ற ஒவ்வொரு தடவையும் நேரே கண்டி டவுனில் றிஸ்வியின் மீன்பிடிச் சாமான் கடையில் போய் நின்றான்.

முதலில் வாங்கியது விறைப்பான நீளத் தூண்டில் ரொட். மீனை ஏமாற்றக் கட்டியிருந்த ரப்பர் தவளை அவள் காலடியிலேயே தொப்பென்று விழுந்தது. கம்பு வளைந்து கொடுக்காவிட்டால் இலேசான தவளை எப்படிப் பறக்கும் என்று தன்னையே கடிந்துகொண்டு, நுனி துவளும் குட்டை ரொட் ஒன்று வாங்கினான். தவளை பக்கவாட்டில் பறந்து புதரில் தொங்கியது. பிறகு நூல் சுற்றும் ரீல் பாரமாம், சின்ன ரீல் வந்தது. பிறகு தங்கூசி நூல் தடிப்பாம், மெல்லிய தங்கூசி வந்தது. றிஸ்விக்குக் கொண்டாட்டம். இப்படி நாலு வாடிக்கையாளர் இருந்தால் போதும் என்று பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார்.

ரவிகுமாரைக் குறை சொல்லவும் முடியாது. ஞாயிறு மாலையானால் ரீல்களை நல்ல தண்ணீரில் நனைத்துத் துடைத்து, மீன் இழுக்கும்போது தங்கூசியை விட்டுக்கொடுக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பிடியைக் கழற்றி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டுவான். நிறைய விட்டால் தூசி பிடிக்கும் என்பான். சுதர்சினி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். அவள் எத்தனை தவளைகளைப் புதருக்குக் கொடுத்தாலும் அவன் முகம் சுளித்ததில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு மனம் ஆறியிருக்கும்.

ஒரு ஞாயிறு காலை மீன் பிடிக்கப் புறப்படும்போது அவன் மெல்லச் சொல்லிவிட்டான். அவளுக்கு இது சரிவராதுபோல் இருக்கிறது, அடுத்த ஞாயிறிலிருந்து வீட்டில் ஆறுதலாக இருக்கட்டும், பைக்கில் றிஸ்வியை ஏற்றிக்கொள்கிறேன் என்று. அன்பாகத்தான் சொன்னான். சுதர்சினி ரொட்டிப் பார்சலை எடுத்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். கிழமை முழுக்கக் கார்மென்ட்ஸில் நிற்கிறவளுக்கு, தெல்தெனியப் பக்கத்து நீர்த்தேக்கக் கரையில் கழிகிற அந்தக் காலைப்பொழுதுதான் தனக்கென்று இருந்தது. புல்லோரத்தில் விரால் தலைநீட்டி மூச்சு வாங்கும் சத்தம் கேட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும். இதுவும் போனால் ஞாயிறும் துணி துவைக்கிற நாள்தான்.

கரைக்கு வந்து ஒரு மணித்தியாலம் வீசினாள். வழக்கம்போலத்தான். ரவிகுமார் அவளுக்குச் சங்கடம் வேண்டாமென்று வளைவுக்கு அப்பால் தள்ளிப்போய் நின்றுகொண்டான். அவள் ரொட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால், ஒரு நாய் ரொட்டிப் பார்சலை முகர்ந்துகொண்டிருந்தது. சட்டென்று ஒரு கல்லை எடுத்து வீசினாள். கல் நாயின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால், பயமுறுத்த வேண்டிய அதே இடத்தில் விழுந்தது. நாய் ஓடிவிட்டது.

சுதர்சினி தன் கையைப் பார்த்தாள். எறிந்தது இடது கை.

நாவலப்பிட்டியில் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அம்மா அந்தக் கையில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் சோற்றை வைப்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பென்சிலைப் பிடுங்கி மற்றக் கையில் திணிப்பார். கொஞ்ச நாளில் இடது கையும் அடங்கிப்போயிற்று. சாப்பாடு, எழுத்து, திருநீறு பூசுவது எல்லாம் வலதுக்கு மாறின. எறிவதை மட்டும் மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. பெண்பிள்ளை எங்கே எறியப்போகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

ரொட்டை இடது கையில் எடுத்தாள். பிடியே வேறு மாதிரி இருந்தது. வீசினாள். தவளை போய்க்கொண்டே இருந்தது, புல்லின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. ஆனால் சுற்றுகிற கைப்பிடி இப்போது தப்பான பக்கத்தில், ரொட்டைப் பிடித்த இடது கையின் பக்கமே இருந்தது. ஞாயிறு மாலைகளில் பார்த்தது வீண்போகவில்லை. தங்கூசியைச் சுற்றி எடுத்துவிட்டு, கைப்பிடியைக் கழற்றினாள், மறுபக்கத்து மூடியைத் திருகி எடுத்துவிட்டு அங்கே மாட்டினாள். மறுபடி வீசினாள்.

மூன்று சுற்றுக்கூடச் சுற்றியிருக்க மாட்டாள், தண்ணீர் வெடித்தது. ரீல் கிறீச்சிட்டது. சத்தம் கேட்டு ரவிகுமார் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தான். வந்தவன் கண்ணில் மீன் படவில்லை, கைதான் பட்டது.

"கைய மாத்திப் புடி சுதா. தப்பாப் புடிச்சிருக்க."

"தப்பில்லங்க. இதுதான் என் கை."

உதவுவதற்கு நீண்ட அவன் கை அப்படியே நின்றது. அவள் ரொட்டைக் கொடுக்கவில்லை. மீன் இழுத்தபோது விட்டாள், களைத்தபோது சுற்றினாள். கடைசியில் முழங்கை நீள விரால் ஒன்று சேற்றில் வந்து புரண்டது.

அவன் மீனைப் பார்க்காமல் ரீலைப் பார்த்தான். இடம் மாறியிருந்த கைப்பிடியை விரலால் ஒருமுறை சுழற்றினான். எத்தனை ரொட், எத்தனை ரீல் என்று அவன் மனம் எண்ணுவது முகத்தில் தெரிந்தது.

"இத்தன மாசமா ஏன் சொல்லல?"

"எனக்கே மறந்துபோச்சுங்க."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மீன் பிடித்தவள் அழுவதைப் பார்த்து ரவிகுமாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தான். பைக்கில் கட்டியிருந்த நீள ரொட்டை அவிழ்த்து வந்து, அவள் பக்கத்தில் குந்தியிருந்து, அந்த ரீலின் கைப்பிடியையும் கழற்றி வலப்பக்கம் மாட்டினான்.

"இதையும் ஒருக்கா வீசிப் பாரு" என்று நீட்டினான்.

பழக்கத்தில் வலது கை முன்னே வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டி வாங்கினாள்.