ஹமிதுல்லா ஓடை

பால்வெளி மண்டலம் எப்படி உருவானது என்ற கேள்விக்கு மனிதகுலம் யுகயுகமாய்க் காத்திருந்த விடை, 1986 அக்டோபர் 14 காலை பதினொரு மணிக்கு, தாஷ்கண்டில், எங்கள் நிறுவனத்தின் இரண்டாம் மாடியில் வெளியாவதாக இருந்தது. பன்னிரண்டரைக்குப் புலாவ் இறக்கிவிடுவார்கள். அதற்குள் விடையை முடித்துக்கொள்ளும்படி ஆய்வுப் பட்டம் வழங்கும் சபையின் செயலாளரான என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

விடையின் பெயர் ஹமிதுல்லா ஓடை. வயதான சில விண்மீன்கள் அரை நாளுக்கொரு தரம் வீங்கிச் சுருங்கும். அவற்றின் உண்மையான ஒளி ஏறக்குறைய ஒரே அளவு. எனவே மங்கலாய்த் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது என்று கணக்கு. அப்படி மங்கிய முப்பத்தொன்று ஒரே கோட்டில் கிடந்தன. நம் மண்டலம் விழுங்கிய குட்டி மண்டலத்தின் மிச்சம் அது என்று பேராசிரியர் ஹமிதுல்லா, மரியாதையாக நாங்கள் 'டோம்லா' என்று அழைப்பவர், அறிவித்து, தன் பெயரையே சூட்டியும் விட்டார். நான்கு வருடம் அளந்தவள் அவர் மாணவி ஷோயிரா. இன்று பட்டம் கிடைத்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் ஜனவரியோடு சரி.

பத்தேகாலுக்குத் தாழ்வாரத்தில், அண்ணன் முறையில் 'அகா' என்றழைத்து, என்னை மறித்தாள்.

"நோதிர் அகா, ஓடையே இல்ல."

"என்னம்மா உளர்ற?"

"சுவர்ல மாட்டறதுக்காக வானப் படத் தகடுங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சேன். முப்பத்தொண்ணும் தகட்டு ஓரத்துல இருக்கு. ஓரத்துல வெளிச்சம் கம்மியாத்தானே விழும்? அதைத் திருத்திக் கணக்குப் போட்டா எல்லாம் கிட்ட வந்துடுது."

"டோம்லாகிட்ட சொன்னியா?"

"'மகளே, முதல்ல பட்டம் வாங்கு, அப்புறம் சந்தேகப்படு'ங்கறார்."

பதினொன்றுக்கு எழுந்தாள். அதையே சபைக்கும் சொன்னாள். பதின்மூன்று பேரும் டோம்லாவைப் பார்த்தார்கள். டோம்லா தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தார்.

அப்போது ஆய்வேட்டை மதிப்பிட வந்திருந்த ரெவ்மீர் அர்க்காதியெவிச் எழுந்தார். வேறொரு மலை ஆய்வகத்தின் தலைவர். ஓடையைத் தாமும் சரிபார்த்ததாக மதிப்புரையில் எழுதியிருந்தவர்.

"பொண்ணே, அடக்கத்துக்கும் ஒரு அளவு வேணும். ஓடை இருக்கு. நாங்க பார்த்தோம்."

"எப்போ பார்த்தீங்க?"

"போன ஏப்ரல். மாசம் பூரா!"

டோம்லாவுக்கு உயிர் வந்தது. "கேட்டியா? அவரு பொய் சொல்றாரா?"

ஷோயிரா தலையசைத்தால் போதும், பட்டம் அவளுக்கு.

"அப்படின்னா அந்த அளவுகளைக் காட்டச் சொல்லுங்க, டோம்லா."

"கொண்டு வரல" என்றார் ரெவ்மீர்.

"அதனால என்ன, போன் இருக்கே" என்றார் சபைத் தலைவர், அவருக்குப் பசி. ரெவ்மீரின் ஆய்வகத்துக்குப் போன் போட்டு, ஏப்ரல் மாதப் பதிவேட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டு வர என்னை அனுப்பினார். ரெவ்மீர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பித் தலைவரின் காதில் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமினார். திருத்திய கணக்கோடு ஷோயிரா வசந்தத்தில் மறுபடி வரலாம், அதுவரை வேலை நீடிக்கும் என்றார். மதிப்புரையை ரெவ்மீரிடமே திருப்பிக் கொடுத்தார். காரணத்தை நடவடிக்கைக் குறிப்பில் நான் ஒரே வரியில் எழுதினேன்:

மேற்படி மலை ஆய்வகத் தொலைநோக்கியின் கண்ணாடி, பூச்சு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது, இன்னும் திரும்பவில்லை.