லியாங்கின் தட்டு

2006 டிசம்பர். ரைன் நதியிலிருந்து எழுந்த மூடுபனி, ஷாஃப்ஹவுசன் நகரத் தொழிற்சாலையின் கன்டீன் சன்னல்களில் முகம் பதித்து நின்றது. உள்ளே எல்லோரும் நீருக்கடியில் அசைவதுபோல யசோதராவுக்குத் தோன்றியது.

அவள் சீனமொழி படித்தவள். ஆலையை விலைபேச வந்த சீன அரசுக் கம்பெனிக்கு இன்று அவள்தான் மொழிபெயர்ப்பாளர். கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்தும் போட்டிருந்தாள். அப்பா மகேந்திரன் இதே கன்டீனில் சமையல்காரர். வாங்கியபின் ஆலை இங்கேயே ஓடுமா, பெயர்த்துக்கொண்டு போவார்களா? அப்பாவின் பிழைப்பு அதில்தான் தொங்கியது.

குழுத்தலைவர் லியாங், நரைத்த தலைக்காரர், ஒரு பருக்கை மிச்சமின்றிச் சாப்பிட்டு முடித்தார். மகேந்திரன் உடனே ஒரு கரண்டி சோறு போட்டார். அதுவும் காலி. மறுபடி கரண்டி. லியாங்கின் நெற்றி வியர்த்தது.

"காணும் அப்பா. இனிப் போடாதையுங்கோ."

"தட்டு வெறுமையாக் கிடக்கு. பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ?"

"அவர் மிச்சம் விடமாட்டார் போல."

"நானும் விடமாட்டன்."

"உன் அப்பாவா?" என்று சீனத்தில் கேட்டுச் சிரித்தார் லியாங். "என் சின்ன வயதில் எங்கள் அரிசி ரயிலேறி ரஷ்யாவுக்குப் போனது. பதிலுக்கு இயந்திரங்கள் வந்தன. நாங்கள் மரப்பட்டை தின்றோம். அதிலிருந்து சோற்றை மிச்சம் வைக்க மனம் வராது. பிறகு நாட்டின் கதவைச் சாத்தினோம். திறந்ததும் இங்கே வந்து இயந்திரம் வாங்கிப் போனேன். இப்போது வெளியே போய்க் கம்பெனிகளையே வாங்கச் சொல்கிறது அரசு."

குரலைத் தாழ்த்தினார்.

"வசந்தத்தில் எல்லாம் கப்பலேறும். அப்பாவை வேறு வேலை தேடச் சொல்."

ஆலை முதலாளி ஆர்வமாக எட்டிப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"சமையல் பிரமாதமாம்" என்றாள் யசோதரா. பிறகு, முகத்தில் அதே புன்னகையோடு, தமிழில்:

"எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போகப்போயினம் அப்பா. வசந்தத்துக்குள்ளை."

மகேந்திரன் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே வெள்ளையைத் தவிர எதுவுமில்லை.

"ஸ்டேஷனடி ஹோட்டல் குசினிக்கு ஆள் தேடுறாங்களாம்," என்றார். "மற்றவங்களுக்குத் தெரியமுதல் கேட்டுப்போட்டு வாறன்."

ஏப்ரனைக் கழற்றிவிட்டு வெளியேறினார். நாலு எட்டில் மூடுபனி அவரைக் கரைத்துக்கொண்டது.

முதலாளி கோப்பையை உயர்த்தினார். "இந்த ஆலை இதே ஆற்றங்கரையில் இன்னும் நூறாண்டு ஓடட்டும்!"

யசோதரா ஒரு சொல் பிசகாமல் அதைச் சீனத்தில் சொன்னாள். லியாங் எழுந்து நின்று, மிக மரியாதையாகக் குடித்தார்.