குஷாலப்பாவின் முழங்கால்

ஜூன் மாதம் வாழையில் ஏறிய குரங்குகளை விரட்டத் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டேன். கூரைமேல் இருந்த தண்ணீர்த் தொட்டி ஓட்டையாகிவிட்டது. என் கை நடுங்கியதை மனைவி பொள்ளம்மா பார்த்துவிட்டாள். மத்தியானம் சோறு போடும்போது ஆரம்பித்தவள் மூன்று நாள் ஓயவில்லை. ரோஷத்தில், "சரிடி, வித்துத் தொலைக்கிறேன்" என்றேன். தொலைத்தும் விட்டேன். சித்தப்பா மகன் குஷாலப்பா வாங்கிக்கொண்டான். லைசென்ஸ், கையெழுத்து எல்லாம் முறைப்படி.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் வாங்கிய கைத்துப்பாக்கி அது. இருபத்திமூன்று வருஷம் என் இடுப்பில் இருந்தது. விற்ற மறுநாளே வயிறு எரிந்தது. குடகில் துப்பாக்கியை விற்ற ஆம்பளையை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், ஒரு பார்வை பார்ப்பார்கள். அதற்குக் கேட்டே தொலைக்கலாம்.

"சும்மா உம்முனு உக்காராம மூலிகை ஏதாவது கத்துக்கங்க" என்றாள் பொள்ளம்மா.

எங்கள் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற பொம்மிக்கு இருபத்திநாலு வயசு. காட்டில் அவளுக்குத் தெரியாத செடி கிடையாது. அவளிடமே போனேன். முதல் நாளே நொச்சி என்று காஞ்சொறியைக் கை நிறையப் பறித்தேன்.

"ஐயோ, போடுங்க கீழே! ஆடுகூட அதை மோந்துட்டுப் போயிடும்" என்று கத்தினாள். "நொச்சிக்கு அஞ்சு வெரலு, அடியில வெளுப்பு. எண்ணத் தெரியாமலா பட்டாளத்துல வச்சிருந்தாங்க?"

இரண்டு நாள் சொறிந்துகொண்டே இருந்தேன். ஆனாலும் விடவில்லை. நோட்டுப் போட்டு எழுதினேன். எது வீக்கத்துக்கு, எது சளிக்கு, எதைத் தொட்டால் கையைக் கழுவவேண்டும் என்று கேட்டுக்கொண்டே, அட்டைப்பூச்சி தாண்டவமாடும் மழையில் அவள் பின்னாலேயே நடந்தேன்.

அந்த மழையில்தான் குஷாலப்பா நொண்டிக்கொண்டு வந்தான். வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"மாத்திரை தின்னு வயிறு போனதுதான் மிச்சம் அண்ணா."

"நான் சரி பண்ணா துப்பாக்கியைத் திருப்பித் தர்றியா?"

அவன் சிரித்தான். "கைல்போல்து அன்னிக்கு நான் நேரா நின்னா எடுத்துக்கோ. நீ வைத்தியனான லட்சணத்துக்கு எனக்கு என்ன பயம்?"

கைல்போல்து எங்கள் ஆயுத பூஜை. ஐந்து வாரம் இருந்தது. தினமும் அவன் வீட்டுக்குப் போய் நொச்சியை வதக்கி ஒத்தடம் கொடுத்தேன், எருக்கிலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டிக் கட்டினேன். சொந்தப் பிள்ளைக்குக்கூட இப்படிச் செய்ததில்லை. அவன் மேல் பாசம் ஒன்றும் இல்லை, துப்பாக்கி வேண்டும். நாலாவது வாரம் வீக்கம் வற்றியது. சனியன், நடக்கவே ஆரம்பித்துவிட்டான்.

பூஜை நாளன்று குலவீட்டு விளக்கின் கீழே துப்பாக்கிகள் வரிசையாகக் கிடந்தன, எல்லாவற்றிலும் செங்காந்தள் செருகியிருந்தது. குடும்பத்தில் மூத்தவன்தான் ஒவ்வொன்றாக எடுத்து, வீட்டைக் காப்பாற்று என்று சொல்லி உரியவன் கையில் தரவேண்டும். இப்போது மூத்தவன் நான். எல்லாம் கொடுத்து முடித்தேன். கடைசியாகக் கைத்துப்பாக்கி மட்டும் கிடந்தது. குஷாலப்பா முன்னால் வந்து, முழங்காலை நன்றாக மடக்கி என் காலைத் தொட்டான்.

"வாக்குன்னா வாக்குதான் அண்ணா. நீயே எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் இடுப்பில் ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டு உருவினேன். வாசலில் மரக்கிளையில் தேங்காய் கட்டியிருந்தார்கள், மூத்தவன்தான் முதலில் சுடவேண்டும். கையை நீட்டினேன். நடுங்கியது. பொறுத்துப் பார்த்தேன், இன்னும் நடுங்கியது.

திரும்பினால், பெண்கள் பிள்ளைகளைச் சுவருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பலாமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். "பெரியப்பா, நிதானமா சுடுங்க" என்று அங்கிருந்து ஒருத்தன் தைரியம் சொன்னான்.

பொள்ளம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட வீம்புக்குச் சுட்டிருப்பேன்.

"டேய் குஷாலப்பா, இங்க வா" என்றேன். துப்பாக்கியை அவன் கையில் வைத்து, சொல்லவேண்டியதைச் சொன்னேன். வீட்டைக் காப்பாற்று.

இரண்டு காலையும் ஊன்றி நேராக நின்றான். ஒரே குண்டு, தேங்காய் சிதறியது. எல்லாரும் மறைவிலிருந்து வெளியே வந்து கத்தினார்கள். "ஐயா, எல்லாம் உங்க வைத்தியம்!" என்று பொம்மி கைதட்டினாள்.

நானும் தட்டினேன். என்னைவிட நன்றாகச் சுட்டான் அந்தப் பாவி. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.