இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டப் பழகுகிறவருக்கு. மற்றது பக்கத்து இருக்கையில், மாஸ்டரின் காலடியில். பதினெட்டு வருடமாக அதை மிதித்தே சோறு தின்றவர் அவர். டாக்டர், வக்கீல் என்று பார்க்கமாட்டார். "கண்ண எங்க வச்சிருக்கீங்க?" என்று ஒரே மிதி. வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கால் செத்துப்போகும்.

"நான் அவளுக்கு அப்பன் இல்ல, ஃப்ரெண்டு" என்று போகிற இடமெல்லாம் தம்பட்டம் அடிப்பார். மகள் அவரைக் கூட்டாளிபோல 'பங்கு' என்று கூப்பிட்டால் உச்சி குளிர்ந்துவிடும். படி, தூங்கு, போனை வை என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்குகிற வேலை மொத்தமும் அவர் மனைவியின் தலையில். ஒருத்தர் கொஞ்சுவதற்கு, ஒருத்தி கத்துவதற்கு. நல்ல குடித்தனம் என்று அவள் பல்லைக் கடிப்பாள்.

மகளுக்குப் பதினெட்டு முடிந்த மறுநாள் காலை முதல் பாடம். மனைவி பின்னால் ஏறிக்கொண்டாள்.

"பங்கு, உன் பிரேக்க தொடக்கூடாது. தொட்ட, ஒரு வாரம் உன்கூட பேச மாட்டேன்" என்றாள் மகள்.

"சத்தியமா தொட மாட்டேன் பங்கு."

"ஏங்க, மூளைய கழட்டி வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. பிள்ளைய நம்பணும்."

மூன்றாவது திருப்பத்தில் ஒரு பெயிண்டர் ஏணி மேல் நின்று கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். மகள் பதறி, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை அழுத்தினாள்.

"கால எடு பங்கு... எடும்மா... ப்ளீஸ்டா!" மாஸ்டர் கெஞ்சினார். மனைவி எட்டிப் பார்த்தாள். அவர் கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே, கோந்து போட்டு ஒட்டியதுபோல் கிடந்தது.

ஏணி பறந்தது. கார் சுவரில் முட்டி நின்றது. பெயிண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு வௌவால்போல் தொங்கினார். சிவப்புப் பெயிண்ட் காரின் மூக்கில் வழிந்தது.

"யோவ், பக்கத்துல உக்காந்து என்னத்தய்யா புடுங்கிக்கிட்டிருந்த?" என்றார் மேலிருந்தபடியே.

ஆட்கள் அவரை இறக்கினார்கள். மகள் இறங்கி வந்து மாஸ்டர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"ஏன் மிதிக்கல?"

"நீதானே பங்கு தொடக்கூடாதுன்ன..."

"நான் சொன்னா? அந்த ஆளு செத்திருப்பாருப்பா!"

'அப்பா' என்று கேட்டு வருடக்கணக்காயிற்று. மாஸ்டர் அசட்டுத்தனமாகச் சிரித்தார்.

அடுத்த வாரம் அவள் ஏறியது வேறு காரில். அதே ஸ்கூலில் எல்லோரும் சிடுமூஞ்சி என்கிற மாஸ்டரின் கார். "கிளட்ச விடாதம்மா! காது கேக்குதா?" என்று அவர் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது.

"சரி சார்" என்றாள் மகள்.

வாசலில் மனைவியோடு நின்ற மாஸ்டர், "கலக்கு பங்கு!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவள் திரும்பவில்லை.

"தூக்கினது போதும்" என்று மனைவி ஒரு பழந்துணியை அவர் கையில் திணித்தாள். "கார்ல இன்னும் பெயிண்ட் இருக்கு. போய்த் தொடைங்க."