வலஸ போனவர்கள்

கோவிந்தம்மாள் எங்கேயும் போகவில்லையே என்று கல்பனா நினைத்துக்கொண்டாள். போன வியாழக்கிழமைகூட அந்த அம்மாள் குடிபாலாவில் தன் வீட்டு வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "குந்து கண்ணு, ரெண்டு கடல துன்னு" என்றாள். எருமையை யாரிடம் விடுவது என்ற கவலையில் சித்தூருக்குக்கூடப் போகாதவள்.

அவள் பெயருக்கு நேரே, மாத்திரையை நிறுத்திய காரணம் என்ற கட்டத்தில், 'வலஸ' என்று மாற்றச் சொல்கிறார் சார். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர் என்று தெலுங்கில் அர்த்தம். கல்பனா எழுதியிருந்தது 'தலைசுற்றல்'.

சர்க்கரை நோய்க்கான புது மாத்திரையை நூற்றிருபது பேருக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு அது. எல்லையோர ஊர்களில் தமிழில் பேசி விவரம் எழுதி வர, நகரிக்காரியான கல்பனாவைத் திருப்பதிக் கல்லூரி ஒன்று அமர்த்தியிருந்தது. கோவிந்தம்மாளையும் சேர்த்து ஏழு பேர் தலைசுற்றி மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை அறிக்கை போக வேண்டும். அது நன்றாக அமைந்தால் மண்டலம் முழுவதும் மாத்திரை கொடுப்பார்கள். கல்பனாவின் முனைவர் பட்டமும் அதை நம்பித்தான் இருந்தது.

"ஏழே பேரும்மா. நூத்திருபதுல ஏழு ஒரு லெக்கா?" என்றார் ஆய்வை நடத்தும் டாக்டர் சுரேஷ்பாபு. குரலில் அதட்டல் இல்லை, களைப்புதான் இருந்தது. மூன்று வருட உழைப்பு. அவளுடைய அப்பா இறந்தபோது நகரி வரை வந்து, ஓடாமல் நின்ற விசைத்தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த மனிதர். அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அவங்க ஊர்லதான் இருக்காங்க சார்."

"யாரு போய்ப் பாக்கப் போறாங்க? அந்தப் பக்கத்து ஜனம் பாதி மெட்ராஸ்லதானே கெடக்குது. நம்புவாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "மாத்திரைய நிறுத்தின பச்சையம்மாளுக்கு நீயே வலஸன்னு போட்டிருக்கியே. அத மட்டும் யாரு போய்ப் பாத்தாங்க?" என்றார்.

கல்பனாவுக்குச் சுருக்கென்றது. பச்சையம்மாளைத் தேடிப் போன அன்று நல்ல வெயில். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ "போய்ட்டாங்க" என்றார்கள். எங்கே என்று அவள் கேட்கவில்லை. பஸ் வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமைதான் கோவிந்தம்மாள் சொன்னாள்: "பச்சையம்மா கெணத்தாண்ட மயங்கி உழுந்து வேலூரு ஆஸ்பத்திரில கெடந்தா. நீ இன்னாடி, ஒண்ணுந் தெரியாத மாரி கேட்டுக்கினு கீற?"

அன்றிலிருந்து அவள் மனம் அதை ஒளித்து வைத்திருந்தது. நான் எழுதியது பொய் இல்லை, சோம்பல்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டது. ஆனால் எழுதிய பிறகு சோம்பலும் பொய்யும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

அவள் மவுஸை நகர்த்தினாள். சுரேஷ்பாபு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். கல்பனா திறந்தது பச்சையம்மாளின் பக்கத்தை. 'வலஸ' என்பதை அழித்தாள். 'தலைசுற்றி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்' என்று எழுதினாள். அடியில், 'முதலில் விசாரிக்காமல் தவறாக எழுதியது நான்' என்று தன் பெயரைப் போட்டாள்.

"ஏழு இல்ல சார். எட்டு."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் பட்டம் என்னம்மா ஆகும்?"

"தெரியும் சார்." அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "இவங்க யாரும் ஊர உட்டுப் போகல. நாமதான் அனுப்பிக்கினு இருக்கோம். மாத்திரை நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சுக்கத்தானே சார் ஆராய்ச்சி? உழுந்தவங்கள மறைச்சுட்டா, நாளைக்கு இதத் துன்னுட்டு உழறவங்களுக்கெல்லாம் நாமதான் பொறுப்பு."

அவர் கெஞ்சுவதுபோல, "மத்த ஏழு பேரையாவது..." என்று ஆரம்பித்தார்.

கல்பனா விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க சார். மாத்த மாட்டேன்."